பணத்துக்கும் ஊர் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

"பணம் இப்போது திரையில் ஓடும் வெறும் எண்தானே, அதற்கு ஊர் ஏது?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் எட்டுக்கு எங்கள் நிதிப் பகுதிக் குழு இங்கே பதில் தருகிறது.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியாளர்: ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளர் 40,000 டாலர் அனுப்பியதற்குச் சீட்டு காட்டுகிறார். என் கணக்குக்கு வந்ததோ 39,955 டாலர்தான். நான்கு நாள் தாமதம் வேறு. நடுவில் பிடித்துவைத்தது யார்?

பெரும்பாலும் நியூயார்க்கில்தான் அது நடந்திருக்கும். உண்மையைச் சொன்னால், அந்த டாலர் ஜெர்மனியிலும் இருந்ததில்லை, திருப்பூருக்கும் வரவில்லை. ஜெர்மன் வங்கி நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கிறது. உங்கள் வங்கியும் அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வங்கிக்காரர்கள் அதை நாஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். முதல் கணக்கில் கழித்து இரண்டாவது கணக்கில் சேர்ப்பதோடு டாலரின் பயணம் முடிந்தது. உங்களுக்குக் கிடைத்த ரூபாய், உங்கள் வங்கி இங்கே தன் கையிலிருந்து கொடுத்தது. இதற்கிடையே வங்கிகளுக்குள் செய்தி கடத்தும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே பறக்கும் செய்தி ஓர் உத்தரவு மட்டும்தான், பணம் அல்ல. அந்த அமைப்பின் தலைமையகம் பெல்ஜியத்தில் இருக்கிறது.

இனி அந்த 45 டாலர். பணம் அனுப்பும் படிவத்தில் கட்டணம் யார் தலையில் என்று ஒரு கட்டம் இருக்கும். 'ஓயூஆர்' என்றால் முழுக்க அனுப்புகிறவர் தலையில். 'எஸ்ஹெச்ஏ' என்றால் பங்கு. இடையில் வரும் ஒவ்வொரு வங்கியும் தன் கூலியை உங்கள் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 'பிஇஎன்' என்றால் எல்லாமே உங்கள் தலையில். விலைப்பட்டியலிலேயே 'ஓயூஆர்' என்று அச்சிட்டுவிடுங்கள். அனுப்பிய பின் பேசிப் பயனில்லை.

தாமதத்துக்கு வழக்கமான காரணங்கள் நான்கு. நியூயார்க்கில் விடுமுறை. பொருளாதாரத் தடைப் பட்டியலோடு பெயரை ஒப்பிடும் மென்பொருள் உங்கள் நிறுவனப் பெயரையோ அரைகுறை முகவரியையோ பார்த்து நிறுத்திவைப்பது. இடைநிலை வங்கியின் விவரம் தவறாக எழுதப்பட்டிருப்பது. நான்காவது நம் ஊரில் நடப்பது: பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் நோக்கக் குறியீடு வராமல் வங்கி காத்திருப்பது. சரக்குக்கு முன்பணம் என்றால் பி0103, வசூலுக்கு அனுப்பிய ஏற்றுமதி பில் தொகை என்றால் பி0102. விலைப்பட்டியலோடு இதையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒரு நாள் மிச்சம். பணம் எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டுமானால், வாடிக்கையாளரிடம் 'யூஇடிஆர்' என்னும் பரிமாற்ற அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து இருக்கும். அதைக் கொடுத்தால் எந்த வங்கியில், எப்போதிருந்து நிற்கிறது என்பதை உங்கள் வங்கியே பார்த்துச் சொல்ல முடியும்.

வாங்குகிறவர் ஜெர்மன்காரர் என்பதால் யூரோவில் விலை பேச முடியுமா என்றும் பாருங்கள். யூரோ ஐரோப்பாவுக்குள்ளேயே தீர்ந்துவிடும். நியூயார்க் வாசலை மிதிக்கவேண்டியதில்லை. ஆனால் பஞ்சு, நூல் போன்ற உங்கள் செலவுகள் டாலர் விலையை ஒட்டி ஏறி இறங்குகின்றன என்றால் யூரோ–டாலர் ஆட்டம் உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று. 45 டாலர் என்பது சுமார் 4,000 ரூபாய். மாற்று விலையில் வங்கி டாலருக்கு 30 காசு குறைத்துக் கொடுத்தால் 40,000 டாலருக்கு 12,000 ரூபாய் போகிறது. அது எந்தச் சீட்டிலும் தனி வரியாக வராது. சண்டை போடவேண்டிய இடம் அதுதான்.

மதுரை, பொருளியல் மாணவி: பிரிட்டனின் பொருளாதாரம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்கிறார்கள். லண்டன் மட்டும் எப்படி இன்னும் பணத்தின் தலைநகரமாக இருக்கிறது?

சுருங்கவில்லை, மற்றவர்கள் வேகமாக வளர்ந்தார்கள் என்பதே சரி. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. 2022 ஏப்ரலில் உலக நாணயச் சந்தையில் ஒரு நாளைக்கு சுமார் 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அதில் 38 சதவீதம் பிரிட்டனில் நடந்தது. அமெரிக்காவில் அதில் பாதிதான். அமெரிக்க டாலரே அமெரிக்காவைவிட லண்டனில் அதிகம் விற்று வாங்கப்படுகிறது.

முதல் காரணம் சூரியன். லண்டனில் காலை விடியும்போது டோக்கியோ, சிங்கப்பூர் கடைகள் இன்னும் அடைக்கவில்லை. பிற்பகலில் நியூயார்க் திறந்துவிடுகிறது. ஒரே பணி நாளில் இரண்டு பக்கமும் பேசமுடிந்த ஊர் அது. நேர வேறுபாடு வெறும் வசதிச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஷ்டாட் வங்கியை அரசு மாலையில் மூடியது. அதற்குள் அந்த வங்கி ஜெர்மன் மார்க்கை வாங்கி முடித்திருந்தது. பதிலுக்குக் கொடுக்கவேண்டிய டாலர் நியூயார்க்கில் இன்னும் போகவில்லை, அங்கே அப்போது காலை நேரம். கொடுத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வங்கிகளுக்கு விதி வகுக்கும் பேசல் குழு அந்த ஆண்டு முடிவில் பிறந்ததற்கு இந்தச் சிக்கல் முக்கியக் காரணம்.

இரண்டாவது காரணம், மற்றவர் போட்ட வேலி. அமெரிக்கா தன் வங்கிகள் கொடுக்கும் வைப்பு வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. 1950களில் லண்டன் வங்கிகள் அதே டாலரை வெளிநாட்டாரிடமிருந்து வாங்கி அதிக வட்டி கொடுத்தன. 'இது எங்கள் நாணயம் அல்ல, எங்களுக்குக் கவலையில்லை' என்று பிரிட்டன் கண்டுகொள்ளாமல் விட்டது. யூரோ டாலர் சந்தை இப்படித்தான் உருவானது. இன்றைய யூரோ நாணயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1963இல் அதன் முதல் கடன் பத்திரம் வந்தது: இத்தாலிய நெடுஞ்சாலை நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர். ஏற்பாடு லண்டனில். பிரிட்டனின் முத்திரைத் தீர்வையைத் தவிர்க்க வெளியீடு ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில். பிரிட்டனின் வருமான வரியைத் தவிர்க்க வட்டிப் பட்டுவாடா லக்சம்பர்க்கில். ஒரு பத்திரத்துக்கு நான்கு நாடு! இன்றைய நிதி வரைபடம் முழுக்க இந்த ஒரு பத்திரத்தில் அடக்கம்.

மூன்றாவது, சட்டம். எங்கோ இரண்டு நாட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட்டாலும் 'ஆங்கிலேயச் சட்டம் பொருந்தும்' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். வழக்கறிஞர், கணக்காளர், காப்பீட்டுக்காரர், வங்கிக்காரர் நால்வரும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சௌகார்பேட்டையில் நகைக் கடைகளும் அடகுக் கடைகளும் ஏன் ஒட்டி ஒட்டி இருக்கின்றனவோ, அதே கணக்குதான்.

கோவை: சின்னத் தீவான மொரிஷியஸ் எப்படி இந்தியாவின் மிகப் பெரிய முதலீட்டாளர்களில் ஒன்றாக இருக்க முடியும்?

அது முதலீட்டாளர் இல்லை, வாசல்படி. 2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் கிட்டத்தட்ட பாதி மொரிஷியஸ், சிங்கப்பூர் என்ற இரண்டு பெயர்களில் பதிவாகியிருக்கிறது. பணத்தின் சொந்த ஊர் அமெரிக்காவாகவோ ஐரோப்பாவாகவோ, சில வேளை இந்தியாவாகவோகூட இருக்கலாம்.

1982இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம்தான் மூலம். இந்தியப் பங்கை மொரிஷியஸ் நிறுவனம் விற்று லாபம் பார்த்தால், வரி போடும் உரிமை மொரிஷியசுக்கு மட்டும் என்றது அது. மொரிஷியஸில் மூலதன ஆதாய வரியே கிடையாது. 'இரண்டு முறை வரி வேண்டாம்' என்று எழுதியது, ஒரு முறையும் இல்லாமல் போனது. பத்து ஆண்டு இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1992இல் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்கு நம் பங்குச் சந்தை திறந்ததும் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் பெயர்ப் பலகைகள் பெருகின.

நடைமுறை இப்படி: அங்கே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து உலக வணிக உரிமம் வாங்கவேண்டும். உள்ளூர்வாசிகள் இருவராவது இயக்குநராக இருக்கவேண்டும். முதன்மை வங்கிக் கணக்கு, கணக்குப் புத்தகம், தணிக்கை எல்லாம் அங்கேயே. இவை சரியாக இருந்தால் வரி வதிவிடச் சான்று கிடைக்கும். அந்தச் சான்று போதும் என்று நம் வருமான வரித்துறை 2000இல் சுற்றறிக்கை விட்டது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2016 மே மாதம் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். 2019 மார்ச் வரை பாதி விகிதம், பிறகு முழுசு. வரி ஏய்ப்புத் தடுப்புப் பொது விதியும் அதே 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இப்போது சான்று மட்டும் போதாது, அந்த நிறுவனத்துக்கு அங்கே உண்மையான வேலை இருந்ததா என்று கேட்கிறார்கள்.

மொரிஷியசுக்கு இதனால் நன்மையா? நன்மைதான். கரும்பையும் ஜவுளியையும் நம்பியிருந்த தீவில் கணக்காளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வேலை வந்தது. நிதித்துறை இன்று அதன் பொருளாதாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். இந்தியாவுக்கு? பணம் வந்தது உண்மை, வரி போனதும் உண்மை. ஆனால் 'மொரிஷியஸ் முதலீடு இவ்வளவு' என்று வரும் செய்தியை வளர்ச்சிக் கணக்காக எடுத்துக்கொள்வதை விட்டுவிடுங்கள். காகிதம் எங்கே பதிவானது என்பது வேறு, இயந்திரம் எங்கே ஓடுகிறது என்பது வேறு.

திருச்சி: அயர்லாந்து ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாகப் படித்தேன். அச்சுப் பிழையா?

இல்லை. 2015க்கு அந்த நாட்டுப் புள்ளியியல் துறையே வெளியிட்ட எண். பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற அறிவுச் சொத்தைத் தங்கள் அயர்லாந்துக் கிளையின் பெயருக்கு மாற்றின. உலகம் முழுவதும் அதில் கிடைத்த வருமானம் அந்த நாட்டு உற்பத்தியாகப் பதிவானது. டப்ளினில் ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்கவில்லை. பிறகு அவர்களே வெட்கப்பட்டு, இந்த மினுக்கைக் கழித்துவிட்டுத் திருத்திய தேசிய வருமானம் என்று தனிக் கணக்கு வெளியிடத் தொடங்கினார்கள்.

காரைக்குடி: எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவில் நடத்திய தொழிலை உலக நிதி வரலாற்றில் எங்கே வைப்பீர்கள்?

முன்வரிசையில்தான். அதைப் படிக்காமல் நிதிப் புவியியல் பேசுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி வயலாக்கக் கடன் வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை. விவசாயிக்கு அடமானமாகக் கொடுக்க நிலத்தைத் தவிர வேறில்லை. அந்த இடைவெளியை நகரத்தார் நிரப்பினார்கள். சொந்த முதல், உறவினர் வைப்பு, ஆச்சிமார் பணம், கோயில் பணம், தேவைப்பட்டால் ரங்கூன் வங்கிகளின் கடன் என்று திரட்டி, ஆற்றங்கரை ஊர்கள் வரை கொண்டுபோனார்கள். மூன்று ஆண்டுக் கணக்கில் செல்லும் முகவர், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். முகவர் மாறும்போது பேரேடு ஊருக்கு வரும். தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு 'நடப்பு வட்டி'யைக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் அவர்கள் தீர்மானித்த விகிதத்தை ஒட்டியே வெளியாருக்கான வட்டியும் ஏறி இறங்கியது. லண்டன் வங்கிகள் தங்களுக்குள் வட்டி நிர்ணயித்ததும் இதே வேலைதான், கோட்டு போட்டுக்கொண்டு செய்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 கிளைகளும் 75 கோடி ரூபாய் முதலீடும் இருந்தன.

எங்கே கோணியது? கடன் முழுக்க ஒரே பயிரின் மேல், ஒரே அடமானத்தின் மேல். 1930இல் உலக மந்தம் அரிசி விலையைச் சரித்தது. விவசாயி வட்டி கட்டவில்லை. நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். கேட்க லாபம் போல இருக்கும். கடன் கொடுத்தவருக்கு அது லாபமே இல்லை: கையில் ரொக்கம் இல்லை, விற்க ஆள் இல்லை, ஊர்க்காரர் கண்ணில் நிலத்தைப் பிடுங்கியவர் என்ற பெயர் மட்டும் மிச்சம். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். உழைத்துத் திருத்திய வயல் பர்மா விவசாயியிடமும் நிற்கவில்லை, கடன் கொடுத்தவரிடமும் நிற்கவில்லை.

ஆபத்து தெரியாதவர்கள் இல்லை. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் கதவைத் திறந்தது. நிலத்தை அல்ல, அந்நியச் செலாவணியை நம்பும் தொழிலுக்கு மாறிய முதல் அடி அது.

யாழ்ப்பாணம்: இலங்கை வாங்கிய கடனுக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஏன் வழக்கு?

பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2007 முதல் இலங்கை வெளியிட்ட சர்வதேச இறையாண்மைப் பத்திரங்கள், அதாவது வெளிச்சந்தையில் விற்ற அரசுக் கடன் பத்திரங்கள், டாலரில் ஆனவை. சிக்கல் வந்தால் நியூயார்க் சட்டம். கொழும்பின் சட்டத்தின் கீழ் என்றால் நாடாளுமன்றம் நாளைக்கே சட்டத்தை மாற்றிவிடலாம் என்று கடன் கொடுப்பவர் அஞ்சுவார், வட்டியை ஏற்றுவார். குறைந்த வட்டிக்காக நீதிமன்றத்தைக் கடல் கடந்து ஒப்படைப்பதுதான் இந்தப் பேரம்.

2022 ஏப்ரல் 12இல் வெளிக்கடன் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. 2012இல் வெளியிட்டு 2022 ஜூலையில் முதிர்வடைய இருந்த 100 கோடி டாலர் பத்திரத்தில் கால்வாசிக்குச் சற்று மேல் தன்னிடம் இருப்பதாக, செயின்ட் கிட்ஸ் – நெவிஸ் தீவுகளில் பதிவான ஹாமில்டன் ரிசர்வ் வங்கி நியூயார்க்கில் வழக்குப் போட்டது. 'கால்வாசிக்கு மேல்' என்பது தற்செயல் அல்ல. அந்தப் பத்திரத்தின் நிபந்தனையை மாற்ற 75 சதவீதத்தினர் ஒப்பவேண்டும். 25க்கு மேல் வைத்திருக்கும் ஒருவரே மறித்துவிட முடியும். 2014க்குப் பின் உலகில் வந்த புதிய வகைப் பத்திரங்களில் எல்லா வெளியீடுகளையும் சேர்த்து ஓட்டெடுக்கும் விதி உண்டு. ஒரே ஒரு வெளியீட்டைக் கைப்பற்றி வழிமறிப்பது அதில் கடினம். மற்ற பத்திரதாரர்களில் மிகப் பெரும்பான்மையோருடன் 2024 டிசம்பரில் இலங்கை கடன் மாற்றத்தை முடித்துக்கொண்டது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அர்ஜென்டினா. அதன் பழைய பத்திரங்களை வாங்கிவைத்திருந்த கேமன் தீவு நிறுவனம் ஒன்று, 2012 அக்டோபரில் அந்நாட்டுக் கடற்படைப் பயிற்சிக் கப்பலை கானா நாட்டின் தேமா துறைமுகத்தில் பிடித்து நிறுத்தியது. கடன்காரனின் மாட்டை அவிழ்த்துப்போகும் பழைய வழக்கம்தான். கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் டிசம்பரில் உத்தரவிட்ட பிறகே கப்பல் கிளம்பியது.

சாலைக்கும் மின்சாரத்துக்கும் கடன் வாங்கும் நாடு பார்க்கவேண்டியது வட்டி விகிதத்தை மட்டும் அல்ல. சாலை ரூபாயில் சம்பாதிக்கிறது, கடனோ டாலரில் நிற்கிறது. ரூபாய் பாதியாக விழுந்தால் சாலை அதே சாலை, கடன் இரட்டிப்பு.

சென்னை: காந்திநகருக்குப் பதில் கிஃப்ட் சிட்டியை சென்னையில் வைத்திருந்தால் நாம் சிங்கப்பூர் ஆகியிருப்போமா?

மாட்டோம். குஜராத்தின் நிதி வளாகமான கிஃப்ட் சிட்டியும் இன்னும் ஆகவில்லை. அந்த வளாகத்தின் சிறப்பே, அதற்குள் இருக்கும் நிதி நிறுவனம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் இருப்பதாகக் கொள்ளப்படுவதுதான். சபர்மதிக் கரையில் ஒரு சட்டத் தீவு. 2020இல் அதற்கெனத் தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. 2023 ஜூலையில் சிங்கப்பூரில் நடந்துவந்த, நிஃப்டி பங்குக் குறியீட்டின் டாலர் வணிகம் அங்கே மாறியது. இது உண்மையான வெற்றி. ஆனால் சிங்கப்பூர் 1968இல் வெளிநாட்டார் வைப்பு வட்டிக்கான வரியை நீக்கி ஆசிய டாலர் சந்தையைத் தொடங்கியபோது துறைமுகம், ஆங்கிலேயச் சட்டம், அமெரிக்கா உறங்கி ஐரோப்பா விழிப்பதற்கு இடைப்பட்ட நேரம் மூன்றும் கையில் இருந்தன. நம் ரூபாயின் மூலதனக் கணக்கு, அதாவது முதலீட்டுப் பணம் எல்லை தாண்டிப் போய்வரும் வழி, இன்னும் முழுசாகத் திறக்கப்படவில்லை. அதை அவசரப்பட்டுத் திறக்கச் சொல்லவும் மாட்டோம்.

சென்னைக்கு வேறு பங்கு ஏற்கெனவே இருக்கிறது. உலக வங்கியின் கணக்கு, நிர்வாகப் பணிகளில் பெரும்பங்கு தரமணியில் நடக்கிறது. பெரிய பன்னாட்டு வங்கிகளின் பின்னணிப் பணி மையங்களும் இங்கே இருக்கின்றன. வேலை இங்கே, முடிவும் லாபமும் வேறு ஊரில். சம்பளம் நமக்கு, வரி அவர்களுக்கு என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் பெயர்ப் பலகை மட்டும் உள்ள தீவைவிட ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் அலுவலகம் ஊருக்கு உதவி.

சிங்கப்பூர், கட்டுமானத் தொழிலாளி: ஊருக்குப் பணம் அனுப்ப 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா?

கட்டணத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று பாருங்கள். சந்தை விலை ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் இல்லாதவர் 64.20 கொடுக்கிறார்: 1,000 வெள்ளிக்கு 64,200 ரூபாய். இன்னொருவர் 5 வெள்ளி பிடித்துக்கொண்டு 64.90 கொடுக்கிறார்: 995 வெள்ளிக்கு 64,575 ரூபாய். கட்டணம் கேட்டவரிடம் அனுப்பினால் 375 ரூபாய் லாபம்.

சிங்கப்பூர் – இந்தியா பாதை உலகிலேயே மலிவானவற்றில் ஒன்று. ஆட்கள் அதிகம், போட்டி அதிகம், அனுப்பும் நிறுவனங்கள் இரு பக்கமும் முன்கூட்டியே பணம் வைத்திருக்கின்றன. 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்ற முறையான பேநவுக்கும் நம் யுபிஐக்கும் இணைப்பும் உண்டு. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல். 2030க்குள் 3 ஆக்கவேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே இது இன்னும் கூடுதல். அங்கேயும் பசிபிக் தீவுகளிலும் பெரிய வங்கிகள் 'சோதனைச் செலவு கட்டுபடியாகாது' என்று இடைநிலைக் கணக்குகளை மூடிவிட்டன. மிக ஏழைத் தொழிலாளிதான் மிக அதிக கூலி கொடுத்துப் பணம் அனுப்புகிறார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே சமயத்தில் இரண்டு செயலிகளைத் திறந்து, ஒரே தொகையைப் போட்டு, 'பெறுபவருக்குக் கிடைக்கும் ரூபாய்' என்ற எண்ணை ஒப்பிடுங்கள். முதல் முறை மட்டும் நல்ல விலை கொடுத்து அடுத்த முறையிலிருந்து குறைப்பது வழக்கம். அதனால் சம்பளம் வரும் ஒவ்வொரு மாதமும் இதைச் செய்யவேண்டும்.